நாலு மணிக்குத் தண்ணீர் வரும் என்று சொன்னவன்

"…அதான் சொல்றேன்ண்ணே, நீங்க தண்ணியப் பத்திப் பேசுறீங்க, நான் துணியப் பத்திப் பேசுறேன். நமக்குள்ள சண்டையே இல்ல. நீங்க உங்க மைக்கப் பிடிச்சிட்டுப் போங்க, நான் என் கொடியப் பாத்துக்கிறேன்," என்றார் ராக்கு, ஈர ஜமுக்காளம் ஒன்றை ஆற்று மணலில் உதறி விரித்தபடி.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, முப்பது வருடத்துக்கும் மேல் வைகைக் கரையில் வேலை பார்த்தவன் நான். எனக்குக் கிடைத்த புத்திமதிகளிலேயே பெரியதை ராக்கு அந்தப் பேச்சின் முன்பாதியில் சொல்லி முடித்திருந்தார். நான் அதைத் துணி துவைக்கும் ஒரு அம்மாவின் புலம்பல் என்று தள்ளிவிட்டேன். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். படித்துப் பட்டம் வாங்கி வந்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு மண்வெட்டி பிடிக்கத் தினக்கூலியாக ஆற்றுக்கு வந்தேன்; பார்த்தும் கேட்டும் கற்றுக்கொண்டு, பொதுப்பணித் துறையில் பணி ஆய்வாளராக ஓய்வு பெற்றேன். என்னிடம் இருந்த அளவுகோலைவிட அதிகமாக உழைத்தது என் சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டுதான். கரையில் யாராவது நறுக்கென்று ஒன்று சொன்னால் அதில் எழுதிக்கொள்வேன். பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் சொன்னார்: "வைகை நம்ம வீட்டு மருமகன் மாதிரி சார். வந்தா விருந்து, வராட்டிப் பேச்சு." யானைக்கல் பக்கம் பழம் விற்கும் அம்மா ஒருவர், "பாலத்துல போறவுக எல்லாம் எட்டிப் பாத்துட்டுத்தான் போறாக. தண்ணி இருந்தாலும் பாக்குறாக, இல்லாட்டியும் பாக்குறாக. பெத்த பிள்ளையத்தான் அப்படிப் பாப்பாக" என்றார். இப்படி ஏழெட்டு நோட்டு சேர்ந்திருக்கிறது. ராக்கு சொன்னவை மட்டுமே ஒரு நோட்டு வரும்.

ராக்குவுக்கு அப்போது நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். வடகரையில், ஆற்றுக்கு நடுவே நிற்கும் பழைய மைய மண்டபத்துக்கு நேர் எதிரே, சலவை செய்யும் இருபது குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கரைமேல் ஆழ்குழாய் போட்டு, தொட்டி கட்டித் துவைப்பார்கள். காயப்போட மட்டும் ஆறு. வருடத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கிற ஆறு அது. அதில் கொடி கட்டி, கவட்டைக் கம்பு ஊன்றித் துணி காயப்போடுவது அவர்களுக்கு வீட்டு மொட்டைமாடிக்குப் போவது மாதிரி. வெள்ளைத் துணி மொத்தமாகக் காற்றில் ஆடும்போது, பாலத்திலிருந்து பார்த்தால், தண்ணீர்தான் அலையடிக்கிறதோ என்று இருக்கும்.

அணையில் தண்ணீர் திறந்தால், அது மதுரைக்கு வந்து சேரும் முன் கரையோரம் போய்ச் சொல்வது என் வேலை. உங்களுக்கு இப்போது எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. எந்த இடத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கிறீர்கள். நல்லது. ஆனால் ஆற்றுக்குள் துணி விரித்துக்கொண்டிருப்பவரிடம் போய்ச் சொல்வது இன்றைக்கும் வாயால்தான். அங்கேதான் நான் விழுந்தேன்.

ஒரு முறை இல்லை, இரண்டு முறை.

முதல் முறை நல்ல கோடை. ஆறு வெடித்துக் கிடந்தது. குடிநீருக்காகத் தண்ணீர் திறந்தார்கள். நான் கணக்குப் போட்டு, "பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்துவிடும்" என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போனேன். நேரத்தையும் சேர்த்துச் சொன்னால் சனங்களுக்கு உதவியாக இருக்கும் என்று நினைப்பு. சலவைக் குடும்பங்கள் அத்தனையும் பாதி ஈரத்தோடு துணிகளை மூட்டை கட்டிக் கரையேற்றி, மூட்டைமேல் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு ஆனது, நாலு ஆனது, இருட்டியது. தண்ணீர் வரவில்லை. காய்ந்த மணல் அத்தனையையும் வழியிலேயே குடித்துவிட்டது. மறுநாள்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் மூட்டைக்குள் இருந்த துணியெல்லாம் கரும்புள்ளி விழுந்து, மறுபடியும் வெள்ளாவி வைத்து, மறுபடியும் துவைத்து, இடுப்பு ஒடிந்துபோனது அவர்களுக்கு.

அன்றிலிருந்து எனக்கு ராக்கு வைத்த பேர் 'ரெண்டு மணி'. ஜீப் கரையில் திரும்பும்போதே, "ஏய், ரெண்டு மணி அண்ணன் வர்றாரு, கடிகாரத்தச் சரி பண்ணிக்கங்க" என்று குரல் வரும். இருபது வீட்டிலும் சிரிப்பு. என் ஜீப் டிரைவர் பாண்டியும் சேர்ந்து சிரிப்பான். நானும் சிரிப்பேன், ஆனால் உள்ளே சுருக்கென்று இருக்கும்.

அடுத்தது மழைக்காலம். மதுரையில் ஒரு வாரம் விடாமல் பெய்து, அன்றைக்குத்தான் பளிச்சென்று வெயில் அடித்தது. முகூர்த்த சீசன். ஒரு வாரமாகத் தேங்கிக் கிடந்த துணி அத்தனையும் ஒரே நாளில் ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. ராக்குவிடம் மேலூர்க் கல்யாண மண்டபம் ஒன்றின் ஜமுக்காளம் நாற்பது இருந்தன. மறுநாள் காலையில் அங்கே கல்யாணம். அந்த மண்டபத்து வேலை அவர் கைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு தடவை சொதப்பினால் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். மகளைக் கல்லூரியில் சேர்த்ததே அந்த வேலையை நம்பித்தான் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அணையிலிருந்து முந்தின நாளே தண்ணீர் திறந்திருந்தார்கள். வழக்கமான கணக்குப்படி இரண்டு மணிக்கு வர வேண்டும். 'இரண்டு மணி' என்று வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போன தடவை மணல் குடித்ததை மறந்ததால்தானே மானம் போனது? இந்தத் தடவை மணல் குடிப்பதற்கென்று இரண்டு மணி நேரத்தைக் கூட்டினேன். மாலை நான்கு. ஆற்றின் மேற்கேயிருந்து தகவல் வருவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

பதினொன்றரை மணிவாக்கில் ராக்குவின் கொடிக்குப் பக்கத்தில் போய் இறங்கினேன்.

"ஏம்மா ராக்கு, நாலு மணிக்குத் தண்ணி வருது. மூணரைக்கெல்லாம் எல்லாத்தையும் எடுத்துரும்மா."

"ரெண்டு மணி போயி நாலு மணி ஆயிருச்சா? பதவி உயர்வாண்ணே?"

"வெளையாடாத. நெசமாத்தான் சொல்றேன்."

"மூணரைக்கு எப்படிண்ணே எடுக்க? மேல காஞ்சாலும் அடியில காயல. மணல்ல கைய வச்சுப் பாருங்க, சில்லுன்னு கெடக்கு. ஒரு வார மழையக் குடிச்சிட்டு வயிறு முட்டி ஏப்பம் விட்டுக்கிட்டுக் கெடக்கு. எனக்கு அஞ்சு மணி வரைக்கும் வெயில் வேணும்."

"உனக்காகத் தண்ணி நிக்குமா?"

"போன தடவ நின்னுச்சுல்ல? அதான் சொல்றேன்ண்ணே…"

அதற்குப் பிறகு சொன்னதைத்தான் நீங்கள் முதலிலேயே கேட்டீர்கள். நான் தண்ணீரைப் பற்றியும் அவர் துணியைப் பற்றியும் பேசுவதாக நாங்கள் இருவருமே நினைத்தோம். ராக்கு கடைசியாக ஒன்று சேர்த்துச் சொன்னார்:

"இன்னொண்ணு. 'பொதுமக்கள் யாவரும் பாதுகாப்பான இடங்களுக்கு'ன்னு கத்துறீங்களே, இந்தக் கரையில பொதுமக்கள்னு யாருக்கும் பேர் இல்ல. அவுக யாரோன்னு நெனச்சு நாங்க எங்க வேலையப் பாக்குறோம்."

அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். மணலைப் பற்றிச் சொன்னதை எழுதவில்லை.

ஜீப் கிழக்கே போனது. பதிவு செய்த என் குரலைப் பாண்டி ஒலிபெருக்கியில் ஓடவிட்டான். கல்பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் நான்கைந்து எருமைகள் நின்றன. மாட்டுக்காரரைத் தேடி மணலில் இறங்கினேன். செருப்பு ஒரு அங்குலம் உள்ளே போனது. காலைத் தூக்கினேன். என் கால் தடத்தில் தண்ணீர் ஊறி நின்றது.

தடத்தைப் பார்த்தபடி நின்றேன். வயிறு முட்டிக் கிடக்கிற மணல் வருகிற தண்ணீரை எப்படிக் குடிக்கும்? ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. தண்ணீர் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வரும். நான் கூட்டிய இரண்டு மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். அதற்கு மேலும் கழிக்க வேண்டும். ராக்கு தண்ணீரைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். துறையில் இத்தனை வருடம் இருந்த எனக்கு அது துணியாகக் கேட்டிருக்கிறது.

"மாப்ள, அந்த ஸ்பீக்கர அமத்து!"

பாண்டி அமர்த்தினான். அமர்த்திய உடனே கேட்டது, ஜீப்புக்குள் என் போன் அடித்துக்கொண்டிருந்த சத்தம். இவ்வளவு நேரமும் என் குரலே என் போனை மூடிவிட்டது.

மேற்கே, தண்ணீர் வரும் வழியில், சமயநல்லூர்ப் பக்கம் ஆற்றோரம் டீக்கடை வைத்திருக்கும் பழக்கக்காரர். "எங்கண்ணே போனீங்க? அஞ்சு தடவ அடிச்சிட்டேன்! தண்ணி எங்களத் தாண்டி முக்கா மணி நேரம் ஆச்சு. என்னா வேகங்கிறீங்க! நம்ம சைக்கிள்ல தொரத்தினாலும் பிடிக்க முடியாது."

மணி பன்னிரண்டே முக்கால். நாலு மணிக்கு மூன்றேகால் மணி நேரம் இருக்கிறது என்று ஒரு கரை முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உண்மையில் ஒரு மணி நேரம் இருந்தால் பெரிய விஷயம். எங்கள் பொறியாளர் மேடத்துக்குப் போன் செய்து, எருமைகளையும் சேர்த்து இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எருமையெல்லாம் கெழக்க நான் பாத்துக்கிறேன், நீங்க துணிக்காரங்ககிட்டப் போங்க" என்றார். நெருக்கடியில் விளக்கம் கேட்காத அதிகாரி கிடைப்பது ஒரு கொடுப்பினை. நீங்கள் அந்த இடத்துக்கு வரும்போது நினைவில் வையுங்கள்.

பாண்டி வண்டியைத் திருப்பியபடியே கேட்டான்: "மாமா, இப்பத்தான நாலு மணின்னு சொல்லிட்டு வந்தோம். இப்பப் போயி என்னன்னு சொல்லப்போறீக?"

அதுதான் கேள்வி. என் நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக இருந்தது. 'திடீரென்று அணையில் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள்.' சுத்தமான பொய். யாராலும் சரிபார்க்க முடியாது. என் மானம் காப்பாற்றப்படும். ஜீப் குலுங்கிக்கொண்டு போகும் அந்த ஐந்து நிமிடமும் அந்தப் பொய்யை நான் வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனேன். ஆனால் ராக்குவின் முன்னால் போய் நின்றதும் ஒன்று புரிந்தது. இந்த அம்மாவிடம் இன்னொரு கணக்கைச் சொன்னால், அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். வாதாட நேரம் கிடையாது. அவர் நம்புவது ஒன்றே ஒன்றைத்தான், அவர் கையால் தொட்டுப் பார்த்த மணலை.

"ராக்கு, நான் தப்பாச் சொல்லிட்டேம்மா. மணல் ஈரமா கெடக்குன்னு நீ சொன்னதுதான் சரி. மணல் குடிக்காது. தண்ணி சமயநல்லூரத் தாண்டிருச்சு."

ராக்கு குனிந்து உள்ளங்கையை மணலில் வைத்தார். நிமிர்ந்து மேற்கே பார்த்தார். முகத்தில் இருந்த கேலி காணாமல் போனது.

"இத என்கிட்ட மட்டும் சொல்லி என்ன பண்ண? மைக்குல சொல்லுங்க."

"மைக்குலயா?"

"தப்பா சொன்னது மைக்குலதான?"

பாண்டி மைக்கை நீட்டினான். நான் வாங்கினேன். முப்பது வருடத்தில் அந்த மைக்கில் நான் சொல்லாத வாக்கியம் அது. "நான்தான் பேசுறேன். நாலு மணின்னு சொன்னது தப்பு. என் தப்பு. மணல் ஈரமா இருக்கிறத நான் கணக்குல சேக்கல. தண்ணி இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துரும். உங்க காலுக்குக் கீழ கைய வச்சுப் பாருங்க."

அப்புறம் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு, அதைத் தொடர்ந்து பத்து சிரிப்பு. "மைக்கே தப்புன்னு சொல்லுதுடீ!" என்று ஒரு குரல். சிரித்துக்கொண்டே குனிந்தார்கள், மணலைத் தொட்டார்கள். அடுத்த நொடி கொடிகள் சரசரவென்று இறங்கின. இத்தனை நாள் நான் அறிவிப்பு என்று எதையெல்லாமோ படித்திருக்கிறேன். நான் சொல்லி முடித்த உடனே சனங்கள் அசைந்தது அன்றைக்குத்தான்.

நானும் பாண்டியும் மூட்டை சுமந்தோம். ஜமுக்காளம் காய்ந்திருந்தாலே கனம். பாதி ஈரத்தில் அது ஒரு ஆள் கனம். பதினைந்து நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் பாண்டி கையைக் காட்டினான். ஆற்றின் நடுவே, மைய மண்டபத்தில், நான்கு பேர் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

மைக்கில் கூப்பிட்டேன். அதில் ஒருவர், சோணைமுத்து என்று பேர், எழுந்து நின்று கையை வாய்க்குக் குவித்துக் கத்தினார்: "தண்ணி வந்தா வரட்டும்ண்ணே! நாங்க என்ன உப்பா, கரையிறதுக்கு? இந்த ஆட்டம் முடிஞ்சதும் வாரோம்!"

தண்ணீர் சூழ்ந்துவிட்டால் மண்டபத்திலிருந்து வர வழி கிடையாது. வெள்ளத்தில் நடந்து வரலாம் என்று இறங்கினால் அதைவிட மோசம். நான் வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன்: "மண்டபத்தில் இருப்போர் உடனடியாக…"

ராக்கு வந்து மைக்கைப் பிடுங்கினார். கேட்டு வாங்கவில்லை, பிடுங்கினார்.

"ஏய் சோண! நாளைக்கு மேலூர்க் கல்யாணத்துக்குக் கட்டணும்னு குடுத்தியே பட்டுக்கரை வேட்டி, அது கெழக்குக் கொடியில தொங்குது. அத எடுக்க எனக்குக் கையில்ல. நீயா வந்து எடுத்தா உனக்கு. இல்லேன்னா ஆத்தோட போயி ராமநாதபுரத்துல எவனாச்சும் பிடிச்சுக் கட்டிக்கிருவான்! மத்த மூணு பேரு சட்டையும் அங்கதான்!"

சீட்டு பறந்தது. நான்கு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உயிரைச் சொல்லி நான் கூப்பிட்டபோது வராதவர்கள் வேட்டியைச் சொன்னதும் வந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். உயிர் போகும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. நாளைக்குக் கட்ட வேட்டி இருக்காது என்பது உடனே தோன்றிவிடுகிறது. 'பொதுமக்கள்' என்று யாருக்கும் பேர் இல்லை என்று ராக்கு சொன்னது இதைத்தான். நீங்கள் எந்தக் கரைக்குப் போனாலும், அங்கே யாருக்கு என்ன பேர், யாருடைய பொருள் எங்கே கிடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் இல்லாத நாளில் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். வரும் நாளில் நேரம் இருக்காது.

சோணைமுத்து தன் வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியபோது மேற்கே ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த சருகைப் பெருக்குகிற மாதிரி ஒரு சரசரப்பு. அப்புறம் தெரிந்தது. முன்னால் வெள்ளை நுரை, அதில் ஆகாயத்தாமரையும் பாட்டில்களும் யாரோ விட்ட பிள்ளையார் மாலையும். அதன் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர். ராக்குவின் கடைசி ஆறு ஜமுக்காளம் இன்னும் மணலில்தான் இருந்தது.

"போகட்டும் விடு!" என்று நான் கத்தினேன்.

"நாப்பதுக்கு முப்பத்திநாலு கொண்டுபோனா கல்யாணத்துல ஆறு வரிசை தரையிலயா உக்காரும்?" என்று சொல்லிக்கொண்டே ராக்கு ஓடினார். அவர் பின்னால் சோணைமுத்து ஓடினார். சோணைமுத்துவின் பின்னால் மற்ற மூன்று பேர். கரையேறியபோது தண்ணீர் அவர்கள் கணுக்காலில் இருந்தது. நாற்பதும் வந்து சேர்ந்தன. அந்த ஆறு ஜமுக்காளம் மட்டும் ஓரமெல்லாம் சேற்றுத் தண்ணீரில் நனைந்திருந்தது. அன்றைய நஷ்டம் பத்துப் பதினைந்து கவட்டைக் கம்பும், என் இடது கால் செருப்பும்தான்.

அதற்குப் பிறகு கரைமேல் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. சேறு படாத முப்பத்திநாலையும் விரிக்க இடம் தேடினார்கள். கரைச் சாலையின் தடுப்புச் சுவர், கம்பி வேலி, இரண்டு ஆட்டோவின் கூரை, கடைசியில் எங்கள் ஜீப்பின் முன்பக்கம் வரைக்கும் சிவப்பும் நீலமுமாக ஜமுக்காளம் விரிந்துவிட்டது. பாண்டி, "மாமா, ஆபீஸ்ல கேட்டா?" என்றான். "எஞ்சின் சூட்டுல சீக்கிரம் காயும்னு சொல்லு" என்றேன். சேறு பட்ட ஆறு ஜமுக்காளத்தையும் ராக்கு தொட்டித் தண்ணீரில் மறுபடி அலசி எடுத்தார். கீழே ஆறு கரைக்குக் கரை ஓடிக்கொண்டிருந்தது. மைய மண்டபத்தின் படிகள் மறைந்து, தூண்கள் மட்டும் தண்ணீரில் நின்றன. பாலத்தில் போகிற வண்டியெல்லாம் நின்று நின்று பார்த்தன.

ஒற்றைச் செருப்போடு நான் சுவரில் சாய்ந்து நின்றேன். ராக்கு அலசிய ஜமுக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். இடுப்பில் சொருகியிருந்த போனை எடுத்துப் பார்த்தார்.

"அண்ணே, மணி நாலு."

"ஆமாம்மா."

"ஆத்துல தண்ணி வந்துருச்சான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தத் தடவை உள்ளே ஒன்றும் சுருக்கென்று படவில்லை.

"இனிமே உங்கள 'ரெண்டு மணி'ன்னு கூப்பிட மாட்டேன்ண்ணே."

"பின்ன எப்படிக் கூப்பிடுவ?"

"'நாலு மணி'ன்னு."

சொல்லிவிட்டு, ஜமுக்காளத்தின் ஒரு முனையை என் கையில் திணித்து, மறு முனையைத் தான் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நான்கு எட்டு நடந்து, அந்தப் பக்கத்திலிருந்து முறுக்கிப் பிழிய ஆரம்பித்தார்.